கனகேஸ்வரியின் ஏழு துளைப் பெட்டி

வெள்ளவத்தை ஹம்டன் லேனில் ஒரு வீட்டின் பின்னறையில் சேலைச் சட்டை தைத்துக்கொண்டிருந்த கனகேஸ்வரிக்கு, முப்பத்தொன்பது வயது வரைக்கும் வாகன ஒலிபெருக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது. றேடியோவைக்கூடச் செய்தி நேரத்துக்குத்தான் திருகுவார். ஆனால் கழுத்தில் கிடக்கும் அளவுநாடாவால் அளக்க முடியாதது ஒன்றும் இல்லை என்பதில் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. உயர்தரத்தில் தூய கணிதம் எடுத்தவர். பரீட்சைக்கு முன்னரே கலியாணம் நடந்தது. அதன் பிறகு கணிதம் துணிக்குள் போய்விட்டது.

பெட்டி வேலை தொண்ணூற்றைந்தில் தொடங்கியது. தொடக்கி வைத்தவர் பாமன்கடையைச் சேர்ந்த ஹமீட். கலியாண வீடுகளுக்கும் சுற்றுலாக்களுக்கும் வான் வண்டி ஓடுகிறவர். அவருடைய மனைவி ருக்கியா கனகேஸ்வரியிடம்தான் துணி தைக்கக் கொடுப்பார். ருக்கியா உள்ளே அளவு கொடுக்க, ஹமீட் வெளியே வானில் பாட்டைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார். அந்த நேரம் அறையின் யன்னல் கண்ணாடிகள் நடுங்கும்.

ஒருநாள் கனகேஸ்வரி கத்தரிக்கோலோடு வெளியே வந்து, இந்தச் சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டார். ஹமீட் பின்கதவைத் திறந்து காட்டினார். அலுமாரி அளவில் ஒரு பெட்டி. அதை வைப்பதற்காகக் கடைசி இருக்கையையே கழற்றியிருந்தார்.

அதுதான் அவருடைய தீராத தலையிடி. கலியாணத்துக்கு வரும் இளசுகளுக்கு நெஞ்சில் இடிக்கிற பாட்டு வேண்டும். பெரியவர்களுக்கு உட்கார இடம் வேண்டும். பாட்டு இருந்தால் மூன்று பேர் பஸ்ஸில் வர வேண்டும். மூன்று பேரையும் ஏற்றினால் இளசுகள் அடுத்த முறை வேறு வான் பிடிப்பார்கள். டோஹாவில் இருந்த மச்சான் அனுப்பிய வெளிநாட்டுச் சஞ்சிகைத் தாள் ஒன்றை ஹமீட் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். அதில் ஒரு பெட்டியின் குறுக்குவெட்டுப் படம் இருந்தது. உள்ளே ஒரு சின்ன ஒலிபெருக்கி. அதன் முன்னால் ஒடுக்கமாகத் தொடங்கி, வளைந்து வளைந்து, அகன்று கொண்டே போகும் ஒரு காற்றுவழி. புறக்கோட்டைக் கடைக்காரர்கள் படத்தைப் பார்த்துச் சிரித்தார்களாம். இதெல்லாம் தியேட்டருக்குச் சரி, வானுக்கு வராது என்றார்களாம்.

கனகேஸ்வரி அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நாதஸ்வரத்தின் அணசு அகன்று போகிற மாதிரி, திருவிழாவில் கட்டும் குழாய் ஒலிபெருக்கி விரிகிற மாதிரி இதுவும் ஒரு குழாய்தான் என்பது அவருக்குப் பிடிபட்டது. சின்ன வாயால் ஊதினாலும் பெரிய வாயால் சத்தம் வெளியே வரும். ஆனால் தாழ்ந்த சத்தத்துக்குக் குழாய் நீளமாக இருக்க வேண்டும். அந்தப் படத்துக்கு ஏழடி. ஏழடிக் குழாயை மடித்தால்தான் வானுக்குள் வைக்கலாம்.

"இது மடிப்பு வேலை, ஹமீட் நானா" என்றார் கனகேஸ்வரி. "ஆறு கெசத் துணியை இருபத்தாறு அங்குல இடுப்புக்குள்ள கொண்டுவாறன். ஏழடிக் காத்தைக் கொண்டுவர ஏலாதோ?"

"நீங்க செய்ங்க, தங்கச்சி. ஸ்பீக்கர் நான் தாறேன்" என்றார் ஹமீட். நம்பிச் சொன்னாரா பகிடிக்குச் சொன்னாரா என்பது அவருக்கே தெரியாது.

சட்டைக்கு வெட்டுகிற மாதிரியே கனகேஸ்வரி மண்ணிறக் கடதாசியை நிலத்தில் விரித்து, மண்டியிட்டு, முழு அளவில் படம் கீறினார். கடைசி இருக்கைக்கும் பின்கதவுக்கும் நடுவில் கிடைக்கும் இடத்தை அளந்தார். நாற்பது அங்குல நீளம், பதினாறேகால் அகலம், பதினைந்து உயரம். அதற்குள் காற்றுவழி மூன்று ஓட்டம் ஓடித் திரும்ப வேண்டும். ஒவ்வொரு சாணுக்கும் அகலம் அதே வீதத்தில் கூட வேண்டும். மூன்று நாள் இரவுச் சோறு பிந்தியது. துறைமுகத்தடிக் கப்பல் கொம்பனி ஒன்றில் எழுதுவினைஞராக இருந்த கணவர் நாகேந்திரம், தன் மனிசி இப்போது வானுக்குச் சட்டை தைக்கிறா என்று அலுவலகத்தில் சொல்லித் திரிந்தார்.

பலகை வேலைக்கு ஆளை ஹமீட்டே காட்டினார். கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கைக்குள் தச்சுப்பட்டறை வைத்திருந்த அழகர். ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பதினாறு வயதில் வந்து, கட்டிலும் மேசையும் செய்து ஊன்றிக்கொண்ட மனிதர். கடதாசியை முக்கால் அங்குல ஒட்டுப்பலகையின் மேல் விரித்ததும் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பலகை கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா, நடுவுலயா அக்கா?"

"கோட்டுக்கு என்ன பக்கம்?" என்றார் கனகேஸ்வரி. "கோடு கோடுதான். ஒரு நூலும் அங்கால இஞ்சால போகப்படாது."

இரண்டு பேருக்கும் நூல் என்றால் ஒரே அளவுதான், அங்குலத்தில் எட்டில் ஒன்று. அழகர் தலையாட்டிவிட்டு, பலகையின் நடு கோட்டில் நிற்கும்படி வைத்து அடித்து ஒட்டினார். ஒரு வாரத்தில் பெட்டி தயாரானது. ஒழுங்கையில் வானை நிறுத்தி ஹமீட் பாட்டைப் போட்டார். பெட்டி தொண்டை அடைத்த ஆடு மாதிரிக் கனைத்தது.

"தங்கச்சி, இது பாடல்ல. இருமுது."

அழகர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கனகேஸ்வரி பெட்டியின் வாயில் கையை வைத்துப் பார்த்தார். காற்று வர வேண்டிய அளவு வரவில்லை. மேல் பலகையை அறுத்து எடுக்கச் சொன்னார். குழாய் தொடங்கும் இடத்தில் நாடாவை வைத்தார். கடதாசியில் இரண்டு அங்குலம் இருந்தது, இங்கே ஒன்றேகால். ஒரு நிமிடம் பலகையின் வெட்டு விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். துணிக்குத் தடிப்பு இல்லை. தடிப்பு இருந்தாலும் தையற்காரி அதைக் கணக்கில் எடுப்பதில்லை. பலகைக்கு முக்கால் அங்குலம். இந்தச் சுவர் பாதியும் அந்தச் சுவர் பாதியும் காற்றின் இடத்தைத் தின்றுவிட்டிருந்தன.

"பிழை என்ர" என்றார். "நீங்கள் கேட்டனீங்கள்."

வீட்டுக்குப் போய்ப் புதிய கடதாசியில், எல்லாக் கோட்டையும் முக்கால் அங்குல இடைவெளி விட்டு இரட்டைக் கோடாகக் கீறினார். இரண்டாவது பெட்டி கடைசி இருக்கைக்குப் பின்னால் பதவிசாகப் போய் உட்கார்ந்தது. கழற்றிய இருக்கை திரும்பி வந்தது. ஹமீட் ஹம்டன் லேனில் வானை நிறுத்திப் பாட்டைப் போட்டபோது, கனகேஸ்வரியின் தையல் மெசின் இலாச்சிக்குள் கிடந்த கொக்கிகளெல்லாம் நடுங்கி நடுங்கி ஒரு மூலைக்கு வந்து சேர்ந்தன. சின்ன எட்டங்குல ஒலிபெருக்கி அது. மிச்சத்தைக் காற்றும் வானின் மூலையும் செய்தன.

தொண்ணூற்றெட்டுக்குள் பதினான்கு பெட்டிகள் போய்விட்டன. வெள்ளவத்தை வான்கள், கொட்டாஞ்சேனை வான்கள், பாணந்துறைக் கார் ஒன்று. ஒவ்வொரு வாகனத்துக்கும் புதிய கடதாசி. வேலை முறை ஒன்றுதான்: கனகேஸ்வரி கீறுவார், அழகர் வெட்டுவார், மூட்டு முழுவதையும் பசை போட்டு ஆணி அடித்து மூடுவார்கள். ஒலிபெருக்கியைக் கழற்றுவதற்கு மட்டும் ஒரு முனையின் அடியில் எட்டுத் திருகாணியோடு ஒரு மூடி. மற்றபடி ஊசி போகிற இடைவெளியும் இருக்கக் கூடாது. எங்கேயாவது காற்றுக் கசிந்தால் பாட்டோடு ஒரு சீறலும் வரும். அதனால் கடைசி நாள் கனகேஸ்வரி ஊதுபத்தி கொளுத்தி மூட்டுகள் நெடுகப் பிடித்துக்கொண்டு போவார். புகை நேரே ஏறினால் சரி. சாய்ந்தால் அழகருக்கு அன்று வீட்டுக்குப் போக முடியாது.

அந்த வருடம் சித்திரை மாதத்தில் ஹமீட் புதிய வான் எடுத்தார். அதற்கென்று பதினைந்தாவது பெட்டி. ஒரு சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்குப் பட்டறையிலிருந்து ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். அரை மைல் போவதற்குள் சென்றி என்கிற ஆமிச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள்.

அந்தச் சென்றியில் அவரை அறிந்த ஆமிக்காரர்கள் அன்று இல்லை. புதியவர்கள். பின்கதவைத் திறந்து, பெட்டியின் வாய்க்குள் டோர்ச் அடித்தார்கள். வெளிச்சம் முதல் வளைவில் முட்டி நின்றது. ஒரு தடியை விட்டுப் பார்த்தார்கள். தடியும் அங்கேயே முட்டியது. இரண்டு பேர் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார்கள். பாரமாக இருந்தது. உள்ளே என்ன என்று கேட்டார்கள்.

"முக்குத் நே மஹத்தயா. ஹுலங்" என்றார் ஹமீட்.

ஒன்றுமில்லை ஐயா, காற்று. உண்மையைத்தான் சொன்னார். அந்தக் காலத்துக் கொழும்பில், உள்ளே பார்க்க முடியாத பாரமான மரப்பெட்டிக்கு அதைவிட மோசமான பதில் இருந்திருக்காது. சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார்.

வானையும் ஹமீட்டையும் அருகிலிருந்த பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். வானை முற்றத்தின் ஓரத்தில் தனியே நிறுத்தி, சுற்றிக் கயிறு கட்டினார்கள். குண்டு செயலிழக்கச் செய்யும் பிரிவுக்குத் தகவல் போனது. அவர்கள் ஐந்து மணிக்கு வருவார்கள். மூடிய பெட்டியைக் கையால் உடைத்துப் பார்க்கிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. வைத்த இடத்திலேயே வைத்துத் தகர்ப்பார்கள், வானோடு சேர்த்து. அதற்குப் பிறகு ஹமீட்டை எத்தனை நாள் எங்கே வைத்திருப்பார்கள் என்று எவருக்கும் தெரியாது.

செய்தி கேட்டுப் பொலிஸ் நிலைய வாசலில் போய் விசாரித்த அழகர், கொமியூனிகேஷன் கடைக்கு ஓடிப்போய் ஹம்டன் லேன் வீட்டுக்காரரின் தொலைபேசிக்கு எடுத்தார்.

"அக்கா, ஹமீட் நானாவ புடிச்சிட்டாங்க. அஞ்சு மணிக்கு பொட்டிய வெடிக்க வைக்கப் போறாங்களாம்."

கனகேஸ்வரி அறைக்கு வந்து, சுவரில் ஆணியில் தொங்கிய கடதாசிகளில் பதினைந்தாவதை எடுத்துச் சுருட்டினார். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் தாள், அளவுநாடா, குண்டூசிப் பெட்டி. கடைசியாகக் கம்பளி பின்னுகிற நீள ஊசி ஒன்று. நாகேந்திரம் வாசலில் நின்றார்.

"இஞ்சாரும், நீர் போகாதையும்" என்றார். "யாழ்ப்பாணத்து அட்டையோட, கையில ஒரு வரைபடத்தோட நீராப் போய் நிக்கப் போறீரோ? அந்தப் பெட்டியில உம்மட பேர் இருக்கோ?"

"என்ர அளவு இருக்கு."

நாகேந்திரம் சேட்டைப் போட்டுக்கொண்டு கூடவே வந்தார். ஓட்டோவில் கனகேஸ்வரி மடியில் கடதாசியை அரைவாசி விரித்து, எண்களை முதலிலிருந்து கூட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். கூட்டல் இரண்டு முறையும் சரியாக வந்தது. காலிமுகத்திடலைத் தாண்டும்போது சுருட்டிவிட்டார்.

பொலிஸ் நிலைய வாசலில் அழகர் நின்றார், கையில் தச்சர்கள் சுற்றித் துளைக்கிற கைத்துளைப்பானோடு. கனகேஸ்வரிதான் தொலைபேசியில் கொண்டுவரச் சொல்லியிருந்தார். பயப்படுகிறீர்களா என்று கேட்டதற்கு, பயமெல்லாம் இல்லை, கால் மட்டும்தான் நடுங்குகிறது என்றார் அழகர்.

பொறுப்பதிகாரி மெலிந்த, அதிகம் பேசாத மனிதர். கனகேஸ்வரியின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறந்த இடம் சாவகச்சேரி. பெட்டியைச் செய்தது நான்தான் என்று கனகேஸ்வரி சொன்னதும், மேசையில் கிடந்த புத்தகத்தில் ஹமீட்டின் பெயருக்குக் கீழே அவருடைய பெயரையும் எழுதினார். யார் சொல்லித் தந்தது என்று கேட்டார். ஒருவரும் இல்லை, சட்டை தைக்கிற அளவுதான் என்றார் கனகேஸ்வரி. அதிகாரி நாகேந்திரத்தைப் பார்த்தார். நாகேந்திரம் அது உண்மைதான் என்று தலையாட்டினார். மணி மூன்றரை.

முதலில் ஒலிபெருக்கியின் மூடி. அதைத் திறக்க ஒருவரும் கிட்டப் போகவில்லை. எல்லாரும் மண்மூட்டைகளுக்குப் பின்னால் போனார்கள். கனகேஸ்வரி கயிற்றைத் தாண்டிப் போய், பெட்டியைச் சரித்து, எட்டுத் திருகாணியையும் தானே கழற்றினார். காந்தமும் இரண்டு வயரும் தெரிந்தன. அதிகாரி தூரத்தில் நின்று பார்த்தார். பிறகு கிட்ட வந்து பார்த்தார். அது ஸ்பீக்கர், தன் வீட்டிலும் ஒன்று இருக்கிறது என்றார். ஆனால் அது பிடிக்கிற இடம் பத்து அங்குலம். பெட்டி நாற்பது. மிச்சம் முப்பதில் என்ன?

அதுதான் கேள்வி. அன்று மத்தியானத்திலிருந்து எல்லாரும் கேட்ட கேள்வியும் அதுதான், ஆனால் ஒழுங்காகக் கேட்டவர் இவர் ஒருவர்தான். கனகேஸ்வரிக்கு அந்த மனிதரில் ஒரு மதிப்பு வந்தது.

கடதாசியை நிலத்தில் விரித்து நான்கு மூலைக்கும் கல் வைத்தார். பெட்டியின் அகலம் பதினாறேகால். அதில் பலகை நான்கு, தடிப்பு முக்கால் முக்காலாக மூன்று அங்குலம். காற்றுவழி மூன்று. நடுவில் அளந்தால் இரண்டரை, நாலேகால், ஆறரை. கூட்டினால் பதின்மூன்றேகால். மரமும் காற்றும் சேர்ந்து பதினாறேகால். ஒளிப்பதற்கு ஒரு நூல் இடமும் மிச்சமில்லை.

கடதாசியில் எதையும் கீறலாம் என்றார் அதிகாரி.

அதற்குக் கனகேஸ்வரி பாதி பஸ் சிங்களத்திலும் பாதி பள்ளிக்கூட ஆங்கிலத்திலும் சொன்ன பதில், தமிழில் இப்படி வரும்: "ஓம். அதாலதான் துளைக்கச் சொல்லுறன். எங்க துளைக்கிறதெண்டு நீங்களே தொட்டுக் காட்டுங்கோ. துளைக்க முந்தி நான் ஆழம் சொல்லுறன். ஒண்டு பிழைச்சாலும் நீங்கள் விரும்பினதைச் செய்யுங்கோ."

அழகர் குனிந்து அவருடைய காதுக்குள், ஓட்டை போட்டால் பெட்டி செத்துப்போகும் என்றார். கனகேஸ்வரி போடச் சொன்னார். ஊதுபத்திப் புகை சாய்ந்ததற்காக ஒரு மூட்டினை நாலு தரம் ஒட்ட வைத்த அதே மனிசி.

அதிகாரி பெட்டியின் பின்பக்கத்தில் ஓர் இடத்தைத் தொட்டார். கனகேஸ்வரி இரண்டு விளிம்பிலிருந்தும் நாடாவைப் பிடித்து, அதே இடத்தைக் கடதாசியில் கண்டுபிடித்துக் குண்டூசி குத்தினார். குண்டூசியிலிருந்து அடுத்த சுவர் வரை அளந்து, பலகையின் தடிப்பைக் கூட்டினார். மூன்றேகால் என்றார். ஒரு கான்ஸ்டபிள் கடதாசியிலேயே எழுதினார். அழகர் சுற்றினார். துளைப்பான் முக்கால் அங்குலம் மரத்தில் முக்கி முனகிவிட்டுச் சட்டென்று இலகுவானது. கனகேஸ்வரி பின்னல் ஊசியை உள்ளே விட்டு, முட்டிய இடத்தில் பெருவிரலால் பிடித்து, வெளியே எடுத்து நாடாவில் வைத்துக் காட்டினார். மூன்றேகால்.

இரண்டாவது இடம் முன்பக்கத்தில். ஆறே முக்கால் என்றார். ஆறே முக்கால். மூன்றாவதற்கு அதிகாரி வேண்டுமென்றே ஒரு மூலையைத் தொட்டார். அங்கே காற்றுவழி திரும்புகிறது, அதனால் ஆழம் கூட. ஒன்பதரை என்று சொன்னபோது கான்ஸ்டபிள் நிமிர்ந்து பார்த்தார். ஊசி ஒன்பதரை வரை போனது. நாலாவதும் சரி. அதற்குள் மண்மூட்டைகளுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை, எல்லாரும் சுற்றி நின்றார்கள். உள்ளே வாங்கில் இருத்தி வைத்திருந்த ஹமீட்டும் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

ஐந்தாவதற்குக் கனகேஸ்வரி நாலு என்றார். ஊசி மூன்றரையில் நின்றது.

மறுபடி விட்டார். மூன்றரை. அதிகாரி ஒரு அடி பின்னால் வைத்தார். கான்ஸ்டபிள் எழுதிய நாலுக்குப் பக்கத்தில் பேனை நின்றது. நாகேந்திரம் கண்ணை மூடிக்கொண்டார்.

கனகேஸ்வரி கடதாசியைப் பார்த்தார். குண்டூசி சரியான இடத்தில் இருந்தது. கோடு சரி. கூட்டல் சரி. தன் கணக்கில் பிழை இல்லை என்பது அவருக்கு ஐந்து விநாடியில் உறுதியாகிவிட்டது. அப்படியானால் உள்ளே அரை அங்குலத்துக்கு ஏதோ இருக்கிறது. அதை அவர் வைக்கவில்லை. தலையை நிமிர்த்தி அழகரைப் பார்த்தார்.

அழகர் சும்மா இருந்திருந்தால் அந்தப் பழி அவருக்கு வந்திருக்காது. கடதாசி கனகேஸ்வரியுடையது, சொன்ன எண்ணும் அவருடையது.

"நான்தாங்க வெச்சேன்" என்றார் அழகர். "அந்த மடிப்புல ரெண்டு பலகை சேருதுல்ல, ஆடக்கூடாதுன்னு மூலையில ஒரு சின்ன சட்டம் வெச்சு ஒட்டினேன். கட்டிலுக்கெல்லாம் அப்படித்தாங்கக்கா வைக்கிறது. ஒங்ககிட்ட சொல்லல."

"என்ன அளவு?"

"அரைக்கு அரை."

கனகேஸ்வரி அதிகாரியிடம் திரும்பினார். தச்சர் கேட்காமல் ஒரு சட்டம் வைத்திருக்கிறார், அரை அங்குலம் அகலம், அரை அங்குலம் தடிப்பு என்றார். இதே உயரத்தில் ஓர் அங்குலம் இடப்பக்கம் தள்ளித் துளைத்தால் நாலு வரும். அதிகாரி அழகரிடமிருந்து துளைப்பானை வாங்கினார். ஆறாவது துளையைத் தானே போட்டார். ஊசியையும் தானே விட்டார். எடுத்து நாடாவில் வைத்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தார். நாலு.

ஏழாவதை அவர் ஒருவரையும் கேட்காமல், பெட்டியின் மேற்பக்கத்தில், கண்போன இடத்தில் போட்டார். உயரம் எங்கேயும் ஒன்றுதான் என்பதால் அதற்குக் கடதாசியே வேண்டியிருக்கவில்லை. பதினாலேகால் என்று கனகேஸ்வரி நின்ற இடத்திலிருந்தே சொன்னார். பின்னல் ஊசி அவ்வளவு நீளம் இல்லை. ஒரு ஆமிக்காரர் துவக்கின் குழாயைத் துப்புரவாக்கும் கம்பியை உருவிக் கொடுத்தார். பதினாலேகால்.

அதிகாரி உள்ளே போய்த் தொலைபேசி எடுத்தார். ஐந்து மணிக்கு எவரும் வரவில்லை. ஐந்தரைக்கு ஹமீட்டை விட்டார்கள். புத்தகத்தில் இரண்டு பெயரையும் வெட்டினார்கள். கடதாசியை மட்டும் திருப்பித் தரவில்லை.

வெள்ளவத்தைக்குத் திரும்பும் வழியில் ஹமீட் பாட்டுப் போட்டுப் பார்த்தார். ஏழு துளையாலும் காற்றுச் சீறியது. உடனே நிறுத்திவிட்டார். பாமன்கடைச் சந்தியில் வானை ஓரமாக நிறுத்தினார்.

"தங்கச்சி, எனக்கு ஏழடியும் வாணா, பாட்டும் வாணா. நாளைக்கே கழட்டிருங்க."

"கழட்டலாம்" என்றார் கனகேஸ்வரி. "வாற சனி கழட்டுவம். அதுக்கு முந்தி ஒருக்கா அந்தச் சென்றியால போய் வருவம். நானும் வாறன்."

அந்தக் கிழமை முழுக்க அவர் சட்டை தைக்கவில்லை. அழகர் ஏழு மரக்குமிழ் கடைந்து கொடுத்தார். கனகேஸ்வரி ஒவ்வொன்றுக்கும் கம்பளித் துணியில் உறை தைத்து, துளையில் திருகி, ஊதுபத்தி பிடித்துப் பார்த்தார். புகை நேரே ஏறியது. துளைகளை நிரந்தரமாக அடைக்க அவர் விடவில்லை. இழுத்தால் கழன்று வர வேண்டும். பிறகு ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் அதன் ஆழத்தை வெள்ளைத் தீந்தையால் எழுதினார். எண்ணுக்குக் கீழே மரம், காற்று என்று மூன்று மொழியிலும். சிங்கள எழுத்தை நாகேந்திரம் அலுவலகத்தில் எழுதுவித்துக் கொண்டுவந்தார்.

சனிக்கிழமை அவர் முன்னிருக்கையில் இருந்தார். சென்றியில் மறித்தார்கள். பின்கதவைத் திறந்த ஆமிப் பெடியன் டோர்ச்சை அடித்தான், வளைவைப் பார்த்தான், பிறகு எழுத்தைப் பார்த்தான். ஒரு குமிழை இழுத்தான். துவக்கிலிருந்து கம்பியை உருவி உள்ளே விட்டு, பெருவிரலால் பிடித்து வெளியே எடுத்து, தன் விரற்கட்டையால் அளந்தான். மற்றவனைக் கூப்பிட்டான். அவனும் ஒரு துளையில் விட்டான். இரண்டு பேரும் பந்தயம் பிடிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தார்கள்.

"ஹரி, யன்ன" என்றான் முதல்வன்.

போகச் சொல்லிவிட்டான். ஹமீட் பாலம் தாண்டும்வரைக்கும் மெதுவாக ஓட்டினார். தாண்டியதும் பாட்டைப் போட்டார். பெட்டியைக் கழற்றும் கதை அதன் பிறகு எழவில்லை.

அதற்கு முன் போன பதினான்கு பெட்டிகளையும் கனகேஸ்வரி திருப்பிக் கொண்டுவரச் சொல்லி ஏழு ஏழு துளை போட்டார். அதற்குப் பிறகு செய்தவற்றுக்கும் தொடக்கத்திலேயே ஏழு. ஏன் ஏழு, மூன்று போதாதா என்று அழகர் கேட்டார். அந்த மனிசன் ஏழு கேட்டவர், அடுத்த மனிசன் ஆறோடு நிற்பான் என்று என்ன நிச்சயம் என்றார் கனகேஸ்வரி. மூலைச் சட்டங்களையும் அன்றிலிருந்து கடதாசியில் கீறினார். யுத்தம் முடிவதற்குள் நாற்பத்தொரு பெட்டி. ஒன்றும் உடைக்கப்படவில்லை.

இந்த வருடம் பங்குனி இரண்டாம் திகதி கனகேஸ்வரி காலமானார். இருதயம். முன்னறிவிப்பு இல்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று ஹமீட், பதினைந்தாவது பெட்டி இருந்த அதே பழைய வானில் வந்தார். வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து, ஓர் ஓரத்தில் நெடுநேரம் இருந்தார். போகும்போது, பின்னல் ஊசி இன்னும் இருக்கிறதா என்று கனகேஸ்வரியின் மகளிடம் கேட்டார். மெசின் இலாச்சிக்குள் இருந்தது.

வானின் பின்கதவைத் திறந்தார்கள். பொறியியல் படித்த மகள், ஐந்தாவது துளையின் குமிழை இழுத்தாள். உறைத் துணியின் நிறம் போயிருந்தது, தையல் விட்டிருக்கவில்லை. ஊசியை உள்ளே விட்டாள். முட்டிய இடத்தில் பெருவிரலால் பிடித்து எடுத்து, நாடாவில் வைத்தாள்.

துளைக்குப் பக்கத்தில் மூன்றரை என்று எழுதியிருந்தது. மூன்றரை இருந்தது.